வளையல் கேபிள்

மனைவி அய்சுலுவின் கல்யாண வெள்ளி வளையலைத் தட்டானிடம் கொடுத்துக் கம்பியாக இழுத்து வாங்கி, ஒரு வாரம் சமையலறை மேஜையிலேயே பின்னிப் பற்றவைத்து, ஸ்பீக்கருக்குக் கேபிள் செய்திருந்தான் மெலிஸ். பிஷ்கெக் நகரத்திலேயே கூர்மையான காது என்று பேர் வாங்கிய குபனிச், கேட்டுப்பார்க்க வந்திருந்தார். அவர் வாயால் நல்ல வார்த்தை வராவிட்டால் அய்சுலு இன்றே அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள்.

"கண்ணை மூடிக்கங்கண்ணே. அப்பத்தான் காது திறக்கும்" என்று சொல்லி, கோமுஸ் என்ற நரம்பு வாத்தியத்தின் இசைத்தட்டை ஓடவிட்டு, மெலிஸும் கண்ணை மூடிக்கொண்டான்.

இசை எழுந்தது. நடுவில் ஒரு நொடி நின்று, மறுபடி எழுந்தது.

வெகுநேரம் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் குபனிச் தொடையில் தட்டினார். "அடேயப்பா! நகம் கம்பியில படுறதுகூடக் கேக்குதுடா!"

"வெள்ளிண்ணே. செம்புல இதெல்லாம் வராது."

"இப்ப வாசிக்கிறவன் இருமினான், கேட்டியா? இத்தனை வருஷமா இந்தத் தட்டைக் கேக்குறேன், இருமல் என் காதுல விழுந்ததே இல்லை. அடுத்த ரூம்ல உட்கார்ந்து வாசிக்கிற மாதிரியே இருக்கு!"

கதவு திறந்தது.

"அடுத்த ரூம்லதான் உட்கார்ந்திருக்கான், என் தம்பி" என்றாள் அய்சுலு. "கரண்டு போய்ப் பத்து நிமிஷமாச்சு. நாளைக்குக் கல்யாணத்துல வாசிக்கணும்னு பழகுறான். நிறுத்தச் சொல்லவா?"

மெலிஸ் கண்ணைத் திறந்தான். ஆம்ப்ளிஃபயரில் ஒரு விளக்கும் எரியவில்லை. அய்சுலுவின் வெறுங்கையைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

குபனிச் மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லை.

"கரண்டு இல்லாமலே இந்தப் போடு போடுதே, வந்தா என்ன ஆகும்!" என்றார். "எனக்கும் ஒண்ணு பண்ணிக் கொடுடா. எம் பொண்டாட்டிகிட்டயும் வளையல் இருக்கு."