வட்டக் கறை

"எண்ணெய்ச் சட்டியை வைக்க உனக்கு வேற எடமே கெடைக்கலையா?"

கிதார் செய்கிறவன் மேல்பலகையைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்தான். வெளிர்நிற மரத்தின் நடுவே வட்டமாக எண்ணெய்க் கறை.

"சட்டி எதுவும் வைக்கலைங்க." மனைவியின் குரல் அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அப்ப வானத்துலேருந்து குதிச்சுதா? எண்ணெய் பட்ட எடத்துல பசை பிடிக்காது. கம்பியை முறுக்கினா உள்பக்கம் ஒட்டுற கட்டை பேந்துக்கிட்டு வந்துரும்."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தான். மங்கிய கறை, காய்ந்ததும் மறுபடி எட்டிப் பார்த்தது.

"நாதம் கேக்க நீங்க பலகையைத் தட்டித் தட்டிப் பார்ப்பீங்கல்ல, அது மாதிரி நானும் தட்டினேன்."

"உன்னை யாரு தட்டச் சொன்னா?"

"காலையிலேருந்து அசைவே இல்லைங்க. பயந்துட்டேன்."

அவள் மெல்ல வெளியே வந்தாள். எட்டு மாத வயிறு. அரிப்புக்குத் தடவிய எண்ணெயில் சேலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"பலகையை இதுல சாய்ச்சு வச்சுத் தட்டினேன். உடனே அசைஞ்சுது."

அவன் பஞ்சைக் கீழே போட்டான். பலகையை அவள் வயிற்றில் சாய்த்தான்; கறை படாத பக்கம் எது என்றுகூடப் பார்க்கவில்லை. விரலால் தட்டிவிட்டுக் காதை வைத்தான்.

உள்ளேயிருந்து 'டொக்'கென்று ஓர் உதை.

"அம்மாவைத் திட்டினா சும்மா விடுமா?" என்றாள் அவள்.