கையால் முறுக்கினால் போதும்

"என்னய்யா இது, குழாயா, அருவியா?"

ரிட்டயர்டு மேனேஜர் வாசலில் இருந்தே கத்தினார். தோட்டத்துக் குழாயில் ஓஸ் பைப்பை மாட்டுகிற இடத்தில் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. சிமென்ட் தரை முழுக்க ஈரம்.

தோட்டக்காரர் ஓடி வந்து, குழாயோடு சேர்கிற மறையை விரலால் இரண்டு சுற்றுச் சுற்றினார். கசிவு குறைந்தது. நிற்கவில்லை.

"புது வாஷர் வாங்கித் தந்தேனே, போட்டியா?"

"போட்டுட்டேங்க ஐயா."

"ஸ்பேனர் வெச்சு முறுக்க என்ன கேடு? குழந்தைக்குச் சட்டை பட்டன் போடற மாதிரி தடவிக்கிட்டு நிக்கறே!"

"கையால முறுக்கினா போதும்ங்க ஐயா."

"போதுமா? உங்கப்பன் வீட்டுத் தண்ணியாய்யா இது?"

தோட்டக்காரர் குனிந்து தரை ஈரத்தைத் துடைப்பத்தால் தள்ளத் தொடங்கினார். அதுதான் மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக இதே கூத்து. திட்டினால் "சரிங்க ஐயா." மறுநாள் பார்த்தால் மறுபடி சொட்டும். என்ன திமிர்!

"நாளையிலேர்ந்து நீ வரவேணாம். சோம்பேறிக்கெல்லாம் என் வீட்டுல வேலை இல்ல."

தோட்டக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சமையலறை ஜன்னலை ஒரு தடவை பார்த்தார். பிறகு மண்வெட்டியைக் கழுவிச் சுவரோரம் சாத்திவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் தானே ஸ்பேனரை எடுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே முறுக்கு. ஒரு சொட்டு வரணுமே! ம்ஹூம்.

"அஞ்சு நிமிஷ வேலை! இதுக்குப் போய் மூணு மாசம் என் உயிரை வாங்கினான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேப்பர் படிக்கப் போனார்.

சாயங்காலம் மனைவி பூவாளியோடு உள்ளே வந்தார். பூவாளி காலி.

"என்னங்க, ஓஸ் பைப்பைக் கழட்டினாத்தானே நான் இதுல தண்ணி பிடிக்க முடியும்? யாரு இப்படி முறுக்கி வெச்சது?"

"நான்தான். ஏன், கழட்ட வரலையா?"

"வரல." வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "விரல்ல பிடியே இல்லங்க. மூணு மாசமாச்சு. உங்ககிட்ட சொன்னா ஊரைக் கூட்டி, என்னை ஒரு மூலையில உட்கார வெச்சுடுவீங்க. என் ரோஜாச்செடிக்காவது நானே தண்ணி ஊத்தறேன்னு ஒரு தெம்பு இருந்துச்சு. தோட்டக்காரர்தான், 'உங்க கைக்கு வர்ற அளவுக்கு முறுக்கி வெக்கறேம்மா, சொட்டினா திட்டை நான் வாங்கிக்கறேன்'னார்."

மேனேஜருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனாலும் கோபம் விடவில்லை.

"கட்டின புருஷன்கிட்ட சொல்லத் தோணல. தோட்டக்காரன்கிட்ட மட்டும் சொல்லத் தோணிச்சாக்கும்?"

"அவர்கிட்டேயும் நான் சொல்லலைங்க. ஒரே ஒரு நாள், நான் பைப்பைக் கழட்ட முடியாம திண்டாடினதைப் பார்த்தார். அவ்வளவுதான்."