மன்னிப்புக் கேட்ட ஞாபகம்

திங்கட்கிழமை காலைகளில் அந்தக் கம்பெனியில் எல்லோரும் தலைப்பட்டை மாட்டிக்கொண்டு சக ஊழியர் ஒருவரின் கதையைக் கேட்பார்கள். பட்டை வழியாகக் கேட்டதெல்லாம் கண்ணால் பார்த்ததாகவே நினைவில் தங்கிவிடும்.

இந்த வாரம் பூங்காவனத்தின் கதை. கேன்டீனில் அவள் தண்ணீர் குடித்த டம்ளரை சூப்பர்வைசர் தணிகாசலம் குப்பையில் போட்டதைச் சொல்லியிருந்தாள். கதை நல்லபடியாக முடிய வேண்டும் என்பது விதி. அதனால் அவர் மன்னிப்புக் கேட்டதாக நிர்வாகமே சேர்த்துவிட்டது. கதை சொன்னவருக்கு மட்டும் பட்டை கிடையாது.

மதியம் தணிகாசலம் அவள் எதிரே வந்து உட்கார்ந்தார். இப்போதாவது மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் சாப்பிட்டு எழுந்தார்.

"சார், அந்த டம்ளர் விஷயம்..."

"அதான் அன்னிக்கே மன்னிப்புக் கேட்டுட்டேனேம்மா." அவர் முகத்தில் பொய் இல்லை.

"ஆமாக்கா," என்றாள் பக்கத்திலிருந்த ரெஜினா. "எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. நீங்கதான் பெரிய மனசு பண்ணி, பரவாயில்ல சார்னு சொல்லிட்டீங்க."