தலைவர் வீட்டு மல்லி

"மனிதகுலத்தை மண்ணோடு மறுபடி சேர்த்துவைக்கும் புனிதப் பணி நம்முடையது" என்று, தபாலில் செடி விற்பவர்களின் மாநில மாநாட்டில் தலைவர் தணிகாசலம் முழங்கினார். காலில் மண் படாமலிருக்க மேடைவரை கம்பளம் விரித்திருந்தார்கள்.

ஓசூர் நர்சரிக்கார எல்லம்மாவுக்கு ஒரே கோரிக்கைதான். இப்போதெல்லாம் தாகம் எடுத்தால் செடியே விற்றவரைப் போனில் கூப்பிடுகிறது. வாங்கியவர் தண்ணீர் ஊற்றாமல் செடி செத்தாலும் பழி விற்றவருக்கு. இன்னும் ஒரு செடி செத்தால் எல்லம்மாவின் லைசென்ஸ் ரத்து.

டீ இடைவேளையில் தலைவரை மறித்தாள். "ஐயா, வாங்குறவங்களையும் நாலு கேள்வி கேக்கணும்ல?"

"வாடிக்கையாளரைக் குத்தம் சொல்லாதீங்கம்மா. பிள்ளை மாதிரி வளக்குறாங்க. மனு குடுங்க, அடுத்த மாநாட்டுல பாப்போம்."

அவளுடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டாள்.

"ஐயா, உங்க வீட்டு மல்லிதான். பதினோரு நாளா தண்ணி இல்லையாம்."

"சும்மா சொல்லுது. தினமும் நானேதான் ஊத்துறேன். வேணும்னா வீட்டுலயே கேளுங்க." மனைவியை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எந்த மல்லிங்க? வாசல்ல கெடக்கே, அந்த அட்டைப்பெட்டியா? அதை இன்னும் பிரிக்கவே இல்லியே."

"அக்கா, உடனே பிரிச்சுத் தண்ணி தெளிங்க" என்று எல்லம்மா கெஞ்சினாள்.

காலையில் மாநாட்டுக்குக் கிளம்பும்போது, தலைவர் அந்தப் பெட்டிமேல் காலை வைத்துத்தான் ஷூ லேஸ் கட்டியிருந்தார்.