கட்டுரையில் ஒரே பெயர்

"கட்டுரையிலேர்ந்து என் பேரை எடுத்துடும்மா. உழைச்சது நீ. பேரும் உனக்கே இருக்கட்டும்," என்றார் பேராசிரியர் சரெம்பா. யகோதா இரண்டு முறை நன்றி சொன்னாள்.

அவர் போனதும் பக்கத்து மேசை போகுஷ் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "காபி மெஷின்ல ஒட்டின நோட்டீஸ்ல கூட தன் பேரைப் போட்டுக்கிற மனுஷன்! அவரா இப்படிச் சொல்றாரு? உனக்கு யோகம்தான் போ!"

போலந்தின் போஸ்னான் நகரில் மறுநாள் புனித மார்ட்டின் திருநாள். ஆய்வகம் முழுக்கக் கசகசா பூரணம் வைத்த பிறை ரொட்டி வாசனை. டிசம்பரோடு யகோதாவின் ஒப்பந்தம் முடிகிறது. தனிப் பெயரில் கட்டுரை வந்தால் நிரந்தர வேலை கைக்கு வந்த மாதிரிதான். பதினோரு மணிக்கே இதழுக்கு அனுப்பிவிட்டாள்.

அந்தப் புரதப் படிகம் இரண்டு வருடமாக அவளைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. பார்க்க ஒன்றுதான்; உண்மையில் இரண்டு படிகங்கள் ஒட்டி வளர்ந்த இரட்டை. எக்ஸ்ரே பதித்த ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டின் தகவலும் கலந்து கிடந்தது. அதையும் சமாளித்து, புரதத்தின் குழிக்குள் மருந்து உட்கார்ந்திருப்பதைக் காட்டிவிட்டாள். பிழை வெறும் இருபத்தொரு சதவீதம்; இந்தத் துறையில் அது நல்ல கணக்கு.

சாப்பிட்டுவிட்டு வந்து சும்மா கணினியில் கோப்பைத் திறந்தவளுக்கு ஒரு தப்பு தட்டுப்பட்டது. கணினி கட்டும் உருவம் சரியா என்று சோதிக்கக் கொஞ்சம் புள்ளிகளை அதன் கண்ணில் காட்டாமல் ஒதுக்கி வைப்பார்கள். இரட்டைப் படிகமென்றால் ஒரே தகவலைச் சுமக்கும் புள்ளிகளை ஜோடி ஜோடியாகத்தான் ஒதுக்க வேண்டும். இவள் ஜோடியில் ஒன்றை ஒதுக்கி, மற்றதை உள்ளேயே விட்டிருந்தாள். பரீட்சைக்கு முன்பே கேள்வித்தாளைக் காட்டிய கதைதான்.

சரியாக ஒதுக்கி மறுபடி ஓட்டினாள். பிழை இருபத்தொன்பது. மருந்து இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்.

"போகுஷ், நான் தொலைஞ்சேன்."

"யாரு இதையெல்லாம் நோண்டப் போறாங்க? வாயை மூடிட்டு ரொட்டியைத் தின்னு."

தின்ன முடியவில்லை. வேலை போனால் போகட்டும். நம்பிப் பெயரையே விட்டுக்கொடுத்த மனிதரின் முகத்தில் எப்படி விழிப்பது? அதுதான் அவளை அரித்தது. நேரே சரெம்பாவின் அறைக்குப் போனாள்.

"சார், கட்டுரையைத் திரும்ப வாங்கிடலாம். சோதனைப் புள்ளிகளைத் தப்பா பிரிச்சிட்டேன். அங்க மருந்தே இல்ல." பேசும்போதே அழுகை முட்டியது. "நீங்க எவ்வளவு பெருந்தன்மையா நடந்துக்கிட்டீங்க! நான் இப்படிப் பண்ணிட்டேனே, சார்."

சரெம்பா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கட்டுரை அப்படியே வெளிவரட்டும். இந்த மாசம் ஒண்ணாவது வரலைன்னா நம்ம திட்டத்தையே மூடிடுவாங்க."

யகோதா அவரையே பார்த்தாள். "அப்போ... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன வாரமே தெரியும். இல்லன்னா என் பேரை ஏம்மா எடுக்கச் சொல்றேன்?"