ஆறாவது ஒத்திகை

மாதா கோயில் பள்ளிக்கூடத்து மேடையில் சாய்ந்த வெயில் விழுகிறது. நான் எழுதிய திருவிழா நாடகத்தின் கடைசிக் காட்சிக்கு இது ஆறாவது ஒத்திகை. பட்டினி பொறுக்காத குடிகள் அரண்மனைக்குள் புகுந்து ராஜாவை அரியணையிலிருந்து இழுத்துத் தள்ள வேண்டும். ராஜா வேடம், வழக்கம்போல, பந்தல் போட்டுத் தருகிற பெரியநாயகசாமி ஐயாவுக்கு. குடிகளாக வருகிற ஏழு பேரும் அவர் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்கள். அரண்மனையைத் தாக்க வந்தவர்கள் செருப்பை மேடைக்குக் கீழேயே கழற்றிவிட்டு ஏறியிருக்கிறார்கள். முன்னால் நிற்கிற ரெமிஜியஸ் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார். ஓங்கிய கை ராஜாவின் சட்டைக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிடுகிறது. "புடிச்சு இழுங்கண்ணே! நாடகம்தானே?" கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. "குறுவைக்கும் நெலம் வேணுமே டீச்சர்" என்கிறார் ரெமிஜியஸ், எனக்கு மட்டும் கேட்கும்படி. அட்டைக் கிரீடத்தைச் சரிசெய்தபடி ஐயா கொட்டாவி விடுகிறார். "அட, இழுங்கடா. நான்தான் சொல்றேன்ல." அவ்வளவுதான், ஏழு பேரும் பாய்கிறார்கள். இரண்டு பக்கமும் முழங்கையைத் தாங்கி, படி தடுக்காமல் ராஜாவைக் கீழே இறக்குகிறார்கள். வழியில் கழன்ற அவருடைய செருப்பை ரெமிஜியஸ் எடுத்து வந்து காலடியில் வைக்கிறார். குனிந்தபடியே தன் கடைசி வசனத்தையும் பிழையில்லாமல் சொல்கிறார்: "இனி நமக்கு ராஜா கிடையாது!"