பழக்கமில்லை

"ஒரு பீர் குடிக்கலாமா கண்ணு?"

கேட்டது அப்பா.

கண்ணாடிக்கு வெளியே, கீழே, அலைக்குளத்தில் சங்கு ஊதினார்கள். அடுத்த அலை வரப்போகிறது என்று ஜனம் ஓவெனக் கத்தியது. அந்தக் கூச்சலில் தனக்குத்தான் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று அவன் நினைத்தான்.

அப்பா மெனு அட்டையை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்கம்மா இருந்திருந்தா கேட்டிருக்க மாட்டேன்."

அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எங்கே கூப்பிட்டாலும் வராத மனிதர். தோட்டத்துக்குத் தண்ணி கட்டணும், கறவைக்கு ஆளில்லை என்று ஏதாவது சொல்வார். பெங்களூருக்கு வெளியே ஒரு தீம் பார்க், உள்ளேயே தங்கும் அறை, நீங்களும் வாங்க என்று இந்தமுறை சொன்னபோது, சரி என்று கோபியிலிருந்து பஸ் ஏறிவிட்டார். ராட்டினம் எதிலும் ஏறவில்லை. மடித்துக் கட்டிய வேட்டியோடு, பேத்தி ஆதிரை ஏறி இறங்குவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா குடிப்பார் என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மின்வாரியத்தில் இருந்த காலத்தில், சம்பள நாளில், சோம்பு மென்றுகொண்டு வீட்டுக்கு வருவார். அம்மா கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார்.

அவன் குடிப்பது அப்பாவுக்குத் தெரியுமா என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

ஊருக்குப் போனால் தொடமாட்டான். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாளும் தொடமாட்டான்.

அம்மாவுக்குப் பயந்து இரண்டு பேரும் ஒளித்தார்கள். அப்படியே ஒருவருக்கொருவரும் ஒளித்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் இல்லை.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. காதோரம் நரைத்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அடிக்கப்போவதில்லை. அவர் முகத்தில் இருந்தது என்னவென்று பார்க்க அவனுக்கு ஒரு கணம் போதும்.

அந்த ஒரு கணத்துக்குள் வாய் முந்திக்கொண்டது.

"எனக்குப் பழக்கமில்லீங்கப்பா."

அப்பா தலையாட்டினார். நல்லது என்றார்.

நல்லது என்று சொல்கிற குரலாக அது இல்லை.

சர்வர் வந்தார். ஓசூர்க்காரர். தமிழ் பேச ஆள் கிடைத்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும் அவருக்கு. அவனைப் பார்த்ததும் சிரித்தார்.

"சாருக்கு நேத்துக் குடிச்ச அதே பீர்தானே?"

நேற்று சாயங்காலம், கொசுவத்தி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அறையிலிருந்து கிளம்பியவன், இந்த மேஜைக்கு அடுத்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தான்.

அப்பா நிமிரவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டின் முனையால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஒரு சிரிப்பு போதும்.

மாட்டிக்கிட்டேங்கப்பா என்று சிரித்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். ரெண்டா கொண்டு வாங்க என்று அவனே சொல்லியிருக்கலாம். கிளாஸில் நுரை ஏறும். முதல் வாய்க்குப் பிறகு அப்பா மீசையைத் துடைத்துக்கொள்வார். அப்புறம் ஏதாவது பேசுவார்.

"வேற யாரையோ நினைச்சுச் சொல்றீங்க" என்றான் அவன்.

சர்வரின் சிரிப்பு நின்றது. அவனைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். புரிந்துகொண்டார். ஒரு நாளைக்கு நூறு முகம் பார்க்கிறதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க என்று குழறினார்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அதனால என்னங்க. எல்லாருக்கும் வர்றதுதான்" என்று சர்வரிடம் சொன்னார். "ரெண்டு லெமன் ஜூஸ் கொண்டு வாங்க. சக்கரை கம்மியா."

ஜூஸ் வந்தது. குடித்தார்கள்.

அந்தப் பெரிய ராட்டினத்துக்குக் கரண்டு எவ்வளவு இழுக்கும் என்று அப்பா சொன்னார். இந்தப் பக்கம் மழை எப்படி என்று கேட்டார். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். இரண்டு பேரும் கண்ணாடி வழியாகக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாதியை அப்படியே வைத்துவிட்டு அப்பா எழுந்தார். ஆதிரை ரொம்ப நேரமாத் தண்ணிக்குள்ள இருக்கறா, சளி பிடிச்சுக்கும் என்று சொல்லிப் படியிறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி கோகிலா மேலே வந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியின் பின்னால் நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மாமா பேசினாருங்களா?"

அவனுக்கு விளங்கவில்லை.

காலையிலேயே மாமா அவளைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். மத்தியானம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு தண்ணியில் இருந்துகொள், நானாக வந்து கூப்பிடுகிற வரைக்கும் மேலே வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவனோட கொஞ்சம் உக்காந்து பேசணும்மா, எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலை என்றாராம். என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி அவர் முகம் இல்லை.

"பேசி முடிச்சுட்டீங்களா?"

கீழே மறுபடியும் சங்கு ஊதினார்கள். அப்பா குளத்தின் ஓரத்தில் குனிந்து பேத்தியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது" என்றான் அவன்.